குளிர்ச்சட்டை அணிந்து வந்த வாழைமரம்

குளிரினால் கெட்டவர்களைக் காட்டிலும் பேச்சினால் கெட்டவர்களே உலகில் அதிகம். இரண்டினாலும் ஒரே சமயத்தில் கெட்டவன், எனக்குத் தெரிந்த வரையில், நான் ஒருவன்தான். கூடவே ஒரு வாழைமரத்தையும் கெடுத்தேன். அக்கதையை இன்னும் கேள்விப்படாத ரொறொன்ரோத் தமிழர் எவரேனும் எஞ்சியிருப்பின், அவர்களுடைய நன்மை கருதி இதனை எழுதுகின்றேன். (எஞ்சியிருக்க மாட்டார்கள். என் மனைவி ஒருவரையும் விட்டு வைக்கவில்லை.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பகலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு ஒட்டுநாடா ஒட்டியும், மாலையில் பிறருடைய வைபவங்களில் அழையாமலே எழுந்து வாழ்த்துரை வழங்கியும் ஸ்காபரோவில் நான் காலங்கழித்து வந்தேன். பள்ளிக்கூடத்தை இளம்வயதிலேயே விட்டவன் நான். தமிழையும் ஆங்கிலத்தையும் கையில் அகப்பட்ட புத்தகங்களிலிருந்து நானே முட்டி மோதிக் கற்றேன். அவ்வாறு கற்றவர்களுக்கு ஒரு குணம் உண்டு. கற்றதைத் தம்முடன் வைத்திருக்க அவர்களால் இயலாது. சுமைகூலிக்காரன் மூட்டையை இறக்குவதுபோல் யாருடைய தலையிலாவது இறக்கியே தீருவர்.

அந்நாளில் என் மனைவியின் தங்கை புனிதத்தின் மகள் சுமதிக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. புனிதம் கணவனை இழந்தவள். ஆகவே தந்தையின் இடத்தில் நின்று தாரைவார்க்கும் பொறுப்பு எனக்கும் என் மனைவிக்கும் வந்தது. வீடு வாசல் அனைத்தையும் விட்டு ஓடிவந்த எங்கள் சனம், கைம்பெண் மங்கல காரியத்தில் முன்னே வரலாகாது என்னும் எண்ணத்தை மட்டும் பத்திரமாக விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ரெக்ஸ்டேலில் இருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் மிக நல்லவர். ஆனால், சகுனம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. திருமணப் பதிவு எழுத்துக்குப் புறப்படும் வேளையில் யாரோ தும்மியதற்காக வீட்டில் எல்லோரையும் மறுபடியும் உட்காரவைத்துத் தண்ணீர் குடிக்கச் செய்துவிட்டுப் பிந்தி வந்தவர்.

புனிதம் ஒருநாள் என்னிடம் தனியாக வந்தாள்.

“அத்தான், இதிலை என்ன ஒண்டு பிழைச்சாலும் என்ரை தலையிலைதான் வந்து விடியும். என்னைச் சொன்னாலும் பரவாயில்லை, பிள்ளையைச் சொல்லிப்போடுவினம். ஒரு குறையும் இல்லாமல் செய்து தாங்கோ.”

அவள் கேட்டது அவ்வளவே. பேசாமல் தலையாட்டியிருந்தால் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். நானோ, அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் மண்டபம் பற்றிப் பேச வந்தபோது, வாசலில் கட்டுவதற்கு அலங்காரக்காரர் பிளாஸ்ரிக் வாழைமரம் இரண்டு கொண்டுவருவார் என்று கேள்வியுற்றதும் ஆசனத்தை விட்டு எழுந்துவிட்டேன். உயிரில்லாத வாழையில் மங்கலம் எவ்வாறு தங்கும் என்று வினவினேன். வாழையடி வாழையாய்த் தழைக்க வேண்டிய குலத்தின் வாசலில் தொழிற்சாலையில் வார்த்த மரமா என்று முழங்கினேன். உயிருள்ள வாழையைக் கொணர்ந்து நாட்டுவது என் கடன் என்று சபையில் வாக்கும் கொடுத்தேன். மாப்பிள்ளையின் தாயார் கண்கலங்கி, உங்களைப் போன்ற ஒருவர் இருப்பது எங்கள் அதிர்ஷ்டம் என்றார். நான் அமர்ந்தேன். அமர்ந்த பின்னரே யன்னலுக்கு வெளியே பார்த்தேன். தை மாதம். முழங்கால் அளவுக்குப் பனி கொட்டிக் கிடந்தது.

என்னைக் காப்பாற்ற வந்தவர் கனகு. தொழிற்சாலையில் எனக்கு அருகில் நின்று அதே பெட்டிகளை மடிப்பவர். என் சொற்பொழிவுகளை இயந்திரத்தின் இரைச்சலோடு சேர்த்துக் கேட்டுக் கேட்டுப் பழகிய பொறுமைசாலி. பிக்கரிங்கில் ஓர் அக்கா வீட்டுக்குள்ளே வாழை வளர்க்கிறார், கேட்டுப் பார்ப்போம் என்று அவர்தான் அழைத்துச் சென்றார்.

மனோன்மணி அக்கா மருத்துவமனைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். புதிய வீடு, பெரிய கண்ணாடி யன்னல், அதனருகே ஒரு தொட்டியில் என் உயரத்துக்கு மேலாக ஓர் அழகான வாழை. கோடையில் வெளியே, குளிர்காலத்தில் உள்ளே என்று அதைத் தூக்கி வைப்பதற்காகவே தம் கணவரை அவர் ஆரோக்கியமாக வைத்திருந்தார். இலைகளை ஈரத்துணியால் துடைப்பார். வெதுவெதுப்பான நீர்தான் ஊற்றுவார். மரத்தைப் ‘பிள்ளை’ என்றே அழைப்பார்.

நான் என் வேண்டுகோளை ஒரு முன்னுரையோடு தொடங்கினேன். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“தம்பி, உங்களை நம்பிக் குடுக்கேல்லை. தகப்பன் இல்லாத பெட்டை எண்டு கனகு சொன்னவர், அதுக்குக் குடுக்கிறன். கலியாணத்தண்டு காலமை வந்து ஏத்துங்கோ. வழியிலை நிக்கப்படாது. கார்க்கதவு திறக்கப்படாது. கோப்பிக் கடைக்கும் போகப்படாது.”

கடைசி நிபந்தனையில் கனகுவின் முகம் வாடியது.

திருமண நாள் காலை. ஊரே உறைந்து கிடந்தது. மூச்சு விட்டால் மூக்கின் முனையில் நிற்கும் குளிர். அக்கா, நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் தாதியின் கண்டிப்போடு மரத்தை ஆயத்தம் செய்திருந்தார். இலைகளைக் குடை மடக்குவதுபோல மேல்நோக்கி மடித்துத் துணியால் கட்டி, மேலே கம்பளிப் போர்வை சுற்றி, தம் கணவரின் பழைய குளிர்ச்சட்டையை மாட்டிப் பொத்தானும் போட்டு, உச்சியில் ஒரு கம்பளித் தொப்பியும் கவிழ்த்திருந்தார். தொட்டிக்குத் தனியாக ஒரு தடித்த மெத்தைப் போர்வை. (அந்தக் குளிர்ச்சட்டை நான் அணிந்திருந்ததிலும் திறமானது. கேட்கக் கூச்சமாக இருந்தது.)

மரத்தைக் கனகுவின் காரில் முன் ஆசனத்தைச் சாய்த்து அதிலே கிடத்தி, ஆசனப் பட்டியும் போட்டோம். அதன் தலை பின்னாசனத்துக்கு வந்தது. நான் பின்னால் அமர்ந்து, அசையாதபடி அதன் கழுத்தை இரு கைகளாலும் பற்றிக்கொண்டேன். இக்காட்சி வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தோன்றும் என்பதை நாங்கள் இருவரும் சிந்திக்கவில்லை. நெடுஞ்சாலையில் எங்களைக் கடந்து சென்ற ஒரு பொலிஸ்காரர் சிந்தித்தார்.

சிவப்பும் நீலமுமாக விளக்கு மின்ன, கனகு ஓரமாக நிறுத்தினார். நான் அவரைத் தேற்றி, நீர் பேசாதேயும், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வாசகர்கள் என் நிலையைச் சற்று அனுதாபத்துடன் நோக்க வேண்டும். இந்நாட்டுக்கு வந்தது முதலாய் என் ஆங்கிலத்தை ஒருவரும் பயன்படுத்த விடவில்லை. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் விரலால் சுட்டுவார், நான் செய்வேன். கடையில் பொருளை எடுத்து வைத்தால் போதும். ஆண்டுக்கணக்காய்ச் சேமித்த மொழி உள்ளே கிடந்து விம்மியது. இப்போது அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர், சீருடையோடு, மரியாதையாக, என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார். முன்னாசனத்தில் கிடக்கும் நபருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறார்.

உத்தியோகத்தரோடு இருந்தபடி பேசுவது மரியாதையன்று என்று வளர்ந்தவன் நான். ஆகவே கதவைத் திறந்து இறங்கினேன். இந்நாட்டில் பொலிஸ் மறித்தால் காரை விட்டு இறங்கவே கூடாதாம். அது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அவர் இரண்டடி பின்வாங்கி, கைகளை அவர் காணும்படி வைக்கச் சொன்னார். நான் அதனை மேடையில் நிற்கும் முறை என்று விளங்கிக்கொண்டு, கைகளை விரித்தபடி, “ஐயா, நினைவுக்கெட்டாத காலந்தொட்டு எமது மக்கள்...” என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

அது நபரன்று, வாழை என்பதை நிறுவுவதற்காக முன்கதவையும் திறந்தேன். தொப்பியை எடுத்தேன். குளிர்ச்சட்டையின் பொத்தான்களைக் கழற்றினேன். போர்வையை விலக்கி, கட்டை அவிழ்த்து, இலைகளை விரித்துக் காட்டினேன். பொலிஸ்காரர் குனிந்து இலைகளை உற்றுப் பார்த்தார். பின்னர் அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது. அவர் செய்த ஒரே தவறு, இது காய்க்குமா என்று கேட்டதுதான்.

காய்க்குமாவா! நான் இலையில் தொடங்கினேன். பூவுக்கு வந்தேன். தண்டினது மருத்துவக் குணங்களை எடுத்துரைத்தேன். நாரிலே பூத்தொடுப்பதையும், பூவோடு சேர்ந்த நாருக்கும் மணம் வருவதையும் சொன்னேன். நெடுஞ்சாலைக் காற்று ஒரு கதவால் புகுந்து மறு கதவால் போய்க்கொண்டிருந்தது. காருக்குள்ளிருந்து கனகுவின் பற்கள் அடித்துக்கொள்ளும் ஓசையோடு ஒரு குரல் வந்தது.

“அண்ணை, கதவைச் சாத்திப்போட்டுக் கதையுங்கோ.”

“உத்தியோகத்தரோடை கதைக்கேக்கை இடையிலை புகாதையும், கனகு.”

“அண்ணை, மரம் அண்ணை.”

நான் சங்ககாலத்துக்குப் போக இருந்தேன். அப்போது அந்தப் பொலிஸ்காரரே, உங்கள் மரத்துக்குக் குளிராதா என்று என்னிடம் தயக்கத்தோடு கேட்டார். கேட்டுவிட்டு, தாமே போர்வையை இழுத்து மூடி, தொப்பியையும் கவிழ்த்து, கதவைத் தம் கையாலேயே சாத்தினார். மணமக்களுக்கு வாழ்த்தும் சொன்னார். அபராதத் துண்டு ஒன்றும் எழுதவில்லை. அந்த மனிதரின் பெயரை நான் கேட்கவில்லை. ஆனால் வாழ்நாளில் என் ஆங்கிலத்தை முழுமையாகக் கேட்ட ஒரேயொரு கனேடியர் அவர் என்பதால், இன்றும் அவர் எங்கிருந்தாலும் நன்றாயிருக்க வேண்டுமென்று நினைத்துக்கொள்வேன்.

மண்டபத்துக்கு வந்து போர்வையை அகற்றினோம். மரம் பச்சையாகவே இருந்தது. முன்னிலும் விறைப்பாக, சிப்பாய்போல நிமிர்ந்து நின்றது. அதை வாசலின் வலப்பக்கத்தில் நாட்டினோம். இருந்தது ஒரு வாழைதானே, ஆகவே இடப்பக்கத்துக்கு வேறு வழியின்றி அலங்காரக்காரரின் பிளாஸ்ரிக் வாழை ஒன்றையே அனுமதித்தேன். கனகு ஓர் இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் மாறினார்.

“அண்ணை, உது கண்ணாடி மாதிரிக் கிடக்கு.”

அது ஆரோக்கியத்தின் அடையாளம் என்று அவருக்கு விளக்கினேன்.

வாசலுக்கு நேர்மேலே, வருகிறவர்களுக்குக் குளிராதபடி வெப்பக்காற்று ஊதும் துவாரம் ஒன்று இருந்தது. அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்தது. முதலில் ஓரிரு துளி நீர் நிலத்தில் விழுந்தது. வேர்க்கிறது போலும் என்று எண்ணினேன். பின்னர் இலையின் பச்சை கரும்பச்சையாயிற்று. அவித்த கீரையின் நிறத்துக்கு வந்தது. அதற்கப்பால் அதன் நிறத்தைச் சொல்ல நான் விரும்பவில்லை. இலைகள் ஒவ்வொன்றாகத் தோள்களைத் தளர்த்தித் தொங்கின. எதிரே பிளாஸ்ரிக் வாழை ஒரு குலையும் பூவுமாகப் பளபளவென்று நின்றது. அது என்னைப் பார்த்துச் சிரித்தது என்று சொன்னால் மிகையென்பீர்கள். நான் அங்கே நின்றவன், எனக்குத் தெரியும்.

அவ்வேளை பார்த்து நாதசுரம் எழுந்தது. மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது.

வேறென்ன செய்ய? பட்டுவேட்டியும் சால்வையும் தலைப்பாகையுமாக மரத்துக்கு முன்னால் போய், சால்வையை இரு கைகளாலும் விரித்துப் பிடித்து அதனை மறைத்து நின்றேன். மரம் என் தோளில் சாய்ந்தது. ஈரமான ஒரு கரிய இலை என் தலைப்பாகையைத் தடவிக்கொண்டு இறங்கி, நெற்றித் திருநீற்றையும் துடைத்து, என் வாயை மூடியவாறு தொங்கியது. (வீடியோக்காரர் அதைக் கிட்டத்தில் எடுத்தார். மெதுவாக ஓடவிட்டும் சேர்த்திருந்தார். கேட்காமலே.)

மாப்பிள்ளையின் தாயார் வாசலில் நின்றுவிட்டார். ஆரத்தித் தட்டோடு நின்ற என் மனைவியைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தார்.

“உதென்ன, மரம் கருகிக் கிடக்கு?”

அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். யாரோ ஒருவர் மெல்லிய குரலில், நல்ல நாளும் அதுவுமாய் என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். ஒரு தூணுக்கு அப்பால், வழக்கப்படி ஒதுங்கி நின்ற புனிதத்தைக் கண்டேன். அவள் மரத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி வரப்போகும் சொல் தன் தலையில்தான் விழும் என்று ஆயத்தமாய் நிற்பவளின் நிற்பு அது. எத்தனையோ மேடைகளில் சொல்லைத் தேடி நான் தடுமாறியதில்லை. அன்று என்னிடம் ஒரு சொல்கூட இருக்கவில்லை. இருந்திருந்தாலும் வாயை இலை மூடியிருந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சப்பாத்துப் பனியை உதறியபடி மனோன்மணி அக்கா உள்ளே வந்தார். தம் பிள்ளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தூணருகே நின்ற புனிதத்தையும் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் தாயாரின் கையைப் பற்றிக்கொண்டார்.

“நல்ல காரியம் நடந்திருக்கு. காலமை என்ரை கையாலை பச்சையா ஏத்திவிட்ட மரம் இது. பிள்ளையள் ரெண்டு பேரிலையும் கிடந்த கண்ணூறு நாவூறு முழுக்க வாங்கிப்போட்டுது. எப்பிடி எரிஞ்சு கிடக்கெண்டு பாருங்கோ. மற்றது பிளாஸ்ரிக். அதுக்கு என்ன தெரியும்?”

மாப்பிள்ளையின் தாயார் சிறிது யோசித்தார். அவருடைய முகத்தில் பயம் விலகி, ஒருவிதப் பெருமிதம் குடிகொண்டது.

“ஓம், எங்கடை பிள்ளையிலை கன பேருக்குக் கண் இருந்ததுதான்,” என்றார். ரெக்ஸ்டேலில் யார் யாருக்கெல்லாம் கண் இருந்தது என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொல்லவும் தொடங்கினார்.

அக்கா அத்தோடு விடவில்லை.

“பொம்பிளையின்ரை தாய் எங்கை? பெத்தவள் வந்து அடியிலை ஒரு செம்பு தண்ணி வாக்கவேணும். அப்பத்தான் நாவூறு இறங்கும்.”

அப்படியொரு சடங்கை நான் கேள்விப்பட்டதேயில்லை. புத்தகம் புத்தகமாய்ப் படித்தவன், எங்கும் கண்டதில்லை. மாப்பிள்ளையின் தாயார் சந்தேகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்து, அப்படி முறை இருக்கிறதா என்று கேட்டார். நான் இலையை வாயிலிருந்து விலக்கினேன்.

“இருக்கு,” என்றேன்.

என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகக் குறுகிய சொற்பொழிவு அது. பயன் விளைந்ததும் அது ஒன்றினால்தான்.

புனிதம் செம்போடு எல்லோருக்கும் முன்னால் நடந்து வந்தாள். மரத்தடியில் நீரை ஊற்றினாள். பாதி என் காலில் விழுந்தது. மாப்பிள்ளையின் தாயாரே அவளுடைய கையைப் பிடித்து, வாங்கோ, பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கோ என்று உள்ளே அழைத்துப் போனார். தாலி கட்டும்போது புனிதம் மணவறையின் அருகே, மகளைத் தொடுகிற தூரத்தில் நின்றாள்.

சாப்பாட்டின்போது அக்கா என்னருகே வந்தமர்ந்து, சிரித்த முகம் மாறாமல், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “இண்டைக்குக் கலியாண வீடு. நாளைக்கு மரத்தோடை வாங்கோ, கதைப்பம்,” என்றார். அதன்பின் எனக்குப் பாயாசம் இறங்கவில்லை.

மறுநாள் பிக்கரிங்கில் நடந்ததை விரித்துரைப்பது என் கௌரவத்துக்கு உகந்ததன்று. சுருக்கமாக, அவர் பேசினார், நான் கேட்டேன். காரின் கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று கனகு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். இறுதியில், சபையில் என் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொன்னதற்காக நன்றி கூற வாயெடுத்தேன்.

“உங்கடை மானத்துக்கு ஆர் பாத்தது?” என்றார் அக்கா. “மரம் செத்தது காணாதோ, அந்தத் தாயையும் நிக்க வைச்சுக் கொல்லவேணுமோ?”

நான் தலைகுனிந்தேன். அவர் கத்தியை எடுத்துக் கருகிய மரத்தை அடியோடு வெட்டி, தொட்டியை மட்டும் பழையபடி யன்னலருகே வைத்துவிட்டு, எங்களுக்குத் தேநீரும் ஊற்றித் தந்தார். கோபம் முடியாமலே தந்தார். ஆனாலும் தந்தார். அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் அன்று அறிந்தேன்.

பனி கரைந்து, குளிர்ச்சட்டைகளை அலமாரியில் தூக்கி வைத்த காலத்தில் ஒருநாள் தொலைபேசி ஒலித்தது. முகமன் எதுவுமில்லை.

“தம்பி, பிள்ளை எழும்பிட்டான்.”

தொட்டியைச் சுற்றியிருந்த மெத்தைப் போர்வை கிழங்கைக் குளிரிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. வெட்டிய அடியின் ஓரத்திலிருந்து இரண்டு குருத்துகள். நான் தொழிற்சாலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். கனகுவும் வந்தார். இம்முறை வழியில் கோப்பிக் கடைக்கும் போனோம்.

குருத்துகளுள் ஒன்றை அக்கா சுமதிக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது, காரில் ஏற்ற வருகிறவர் யாரென்று முதலில் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறம்ரனில் சுமதியின் வீட்டில் அதன் சந்ததி இன்றும் வளர்கிறது. புனிதம்தான் அதற்குக் காவல். அவள் அந்த வீட்டில் மகளோடும் மருமகனோடும் இருக்கிறாள். மாப்பிள்ளையின் தாயார் வரும்போதெல்லாம் இருவருமாக அதற்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். எங்கள் குடும்பத்தில் இப்போது எந்தத் திருமணத்திலும் மணமகளின் தாய், யாராயிருந்தாலும், வாசலில் வாழைக்குத் தண்ணீர் வார்ப்பது முறையாகிவிட்டது. இளையவர்கள் அதன் தொன்மையைப் பற்றி என்னிடம் வந்து கேட்பதுண்டு. மிகப் பழையது என்று மட்டும் சொல்லிவைப்பேன்.

சென்ற கோடையில் சுமதியின் மகளுக்குப் பிறந்தநாள் விருந்து. உண்டு முடிந்ததும் வழக்கம்போல் எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன். கனகு, தலை முழுதும் நரைத்தவர், பாயாசக் கிண்ணத்தை அவசரமாக வைத்துவிட்டுத் தம் குளிர்ச்சட்டையைத் தேடுவதுபோல் பாவனை செய்தார். என் மனைவி சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை எடுத்தாள். பிறந்தநாள்காரி, இந்நாட்டிலே பிறந்து வளர்ந்தவள், கதை நடந்தபோது உலகத்திலேயே இல்லாதவள், ஒரு கையை உயர்த்தினாள்.

“அம்மப்பா, வெயிற். ஃபர்ஸ்ட் கதவைச் சாத்திப்போட்டுக் கதையுங்கோ.”

வீடு அதிர்ந்தது. யன்னலோரத்து வாழையின் அருகே நாற்காலி போட்டிருந்த புனிதமும், வாயைப் பொத்தாமல், தலையைப் பின்னே சாய்த்துச் சிரித்தாள்.

வெளியே நல்ல வெயில். ஆயினும் நான் எழுந்து போய், கதவைச் சாத்திவிட்டு வந்துதான் பேச்சைத் தொடங்கினேன்.